ஆட்டம் நின்ற மலை

அக்கா ஓட்டிய பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகள் கடைசி வரிசைக்காகச் சண்டை பிடிப்பார்கள். பின் சில்லுக்கும் பின்னால் இருக்கிற இடம் அது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் முன்வரிசைக்காரருக்கு ஒரு சின்ன அசைவுதான். கடைசி வரிசைக்காரர் புத்தகப்பையோடு சேர்ந்து இருக்கையை விட்டு எழும்பித் திரும்ப அதிலேயே வந்து விழுவார்கள். என் மகளும் அந்தச் சண்டையில் ஒருத்தி. காலையில் அவளைச் சாப்பிட வைக்க நானும் மனைவியும் படாத பாடு படுவோம். "பஸ் வரப்போகுது, பின் சீற் போயிடும்" என்று சொன்னால் மட்டும் சாப்பாட்டுக் கோப்பை காலியாகிவிடும்.

மொன்றியலில் பனி கரைகிற காலத்தில் தெருவெல்லாம் பள்ளம். மற்றச் சாரதிகள் சுற்றி வளைந்து விலக்கிப் போவார்கள். அக்கா ஒன்றையும் விடமாட்டார். வேகத்தைக் குறைத்து, நேராகப் பிடித்து, மரியாதையாக இறங்கி ஏறுவார். பெரிய பள்ளங்களுக்கு மன்னாரில் இருந்த சொந்தக்காரரின் முறைகளைப் பெயராக வைத்திருந்தார். கோயிலடியில் இருந்தது பெரியம்மா. பெற்றோல் நிலையத்துக்கு முன்னால் இருந்தது சின்ன மாமா. வீட்டில் பிரெஞ்சு மட்டுமே கதைக்கிற பிள்ளைகள்கூட "மாமா, மாமா" என்று சொல்லிக்கொண்டு முன் சீற்றின் முதுகைப் பிடித்துக்கொள்வார்களாம்.

ஒருநாள் ஒரு தாய் பஸ்ஸின் படியில் ஏறி நின்று, பள்ளத்தை விலக்கி ஓட்டினால் என்ன என்று கேட்டார். அக்காவின் பிரெஞ்சு அரைகுறை. ஆனால் வெட்கப்படாத பிரெஞ்சு.

"மடாம், பள்ளத்தை நான் வெட்டவில்லை. அது ரோட்டில் இருக்கிறது. நான் ரோட்டில் போகிறேன்" என்றாராம்.

தாய் பதில் தேடுவதற்குள் அவருடைய மகன் கடைசி வரிசையிலிருந்து, "அம்மா இறங்குங்கள், மாமாவுக்கு நேரமாகிறது" என்று கூப்பிட்டிருக்கிறான். அந்த மாமா யார் என்று அந்தப் பெண் வீட்டுக்குப் போய் எவ்வளவு யோசித்தாரோ தெரியாது.

அக்கா எனக்குக் கூடப் பிறந்தவர் இல்லை. அவர் மன்னார், நான் யாழ்ப்பாணம். மொன்றியலின் கார்ட்டியர்வில்லில் ஒரே கட்டடத்தில் அவர்கள் மூன்றாம் மாடி, நாங்கள் முதலாம் மாடி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே மாதா கோயிலில் பூசை. அந்தக் கட்டடத்தில் இருந்த தமிழருக்கெல்லாம் அவர் அக்கா, அவருடைய கணவர் அண்ணை. இருவரையும் நான் வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை.

மெத்தென்று இருக்கிற எதிலும் அக்காவுக்கு நம்பிக்கை கிடையாது. ரொறன்ரோவில் வேலை பார்த்த மகன் ஒரு நத்தார் பண்டிகைக்கு அவர்களுக்கு சோபா வாங்கி அனுப்பினான். உட்கார்ந்தால் இடுப்புவரை உள்ளே போகிற வகை. அடுத்த நாளே அக்கா என்னை மேலே கூப்பிட்டார். நான் தச்சு வேலை செய்கிறவன்.

"தம்பி, இதிலை இருந்தால் ஆரோ பிடிச்சு விழுங்கிற மாதிரிக் கிடக்கு. அடியிலை ஒரு பலகை வைச்சுத் தா."

மெத்தைக்குக் கீழே தடித்த பலகையை அளந்து வெட்டிப் போட்டுக் கொடுத்தேன். அக்கா உட்கார்ந்து பார்த்தார். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் சோபாவின் அழகைப் பார்த்து ஆசையாகச் சாய்ந்து விழுவதையும், விழுந்த வேகத்தில் கண்கள் அகலமாவதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அக்கா ஒன்றும் தெரியாதவர்போலத் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார்.

பாரிஸில் ஒரு கலியாணத்துக்குப் போய்வந்தபோது பயணம் எப்படி என்று கேட்டேன்.

"போகேக்கை ஒண்டுமில்லை. வீட்டிலை இருந்த மாதிரி. வரேக்கை கடலுக்கு மேலை பிளேன் போட்டு உலுப்பினது பார், அப்பதான் எங்கையோ போறம் எண்டு தெரிஞ்சுது."

அண்ணை இதற்கு நேர் எதிர். கேக் செய்கிற இடம் ஒன்றில் அவருக்கு வேலை. வெந்து வந்த கேக்கின் மேல் கிரீமை ஒரு கோடு விழாமல் இழைத்துவிடுவார். நாள் முழுக்க அதுதான். வீட்டிலும் அப்படியே. தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தால் சத்தம் கேட்காது. கதவைச் சாத்தினால் சாத்தினது தெரியாது. ஒரு வருடம் நெடுஞ்சாலையில் பின்னால் வந்த லொறி ஒன்று அவர்களுடைய காரை இடித்தது. பக்கத்தில் இருந்த அக்காவுக்கு ஒரு கீறலும் இல்லை. அண்ணைக்குக் கழுத்துப் போனது. மாதக்கணக்கில் கழுத்துப்பட்டி போட்டுக்கொண்டு திரிந்தார். பட்டி கழன்ற பிறகும், கழுத்து உலுப்புப்படக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். உலுப்பாத வாழ்க்கை அண்ணைக்குச் சரிதான். ஆனால் அவர் கட்டியிருந்தது அக்காவை.

இனி மலையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

லொங்குய்ய் பக்கம் போகிற மஞ்சள் மெற்றோவில் ஏறினால் ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு வரும். அங்கே ஒரு கேளிக்கைப் பூங்கா. அதில் முழுக்க மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர் ஒன்று இருந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் யாரோ தீக்குச்சிகளால் ஒரு மலைத்தொடர் செய்து வைத்ததுபோல இருக்கும். பிரெஞ்சில் இந்த விளையாட்டுக்கு 'ரஷ்ய மலைகள்' என்று பெயர். அக்கா அதைச் சுருக்கி மலை என்பார். சனிக்கிழமை காலையில் படிக்கட்டில் கண்டால், "மலைக்குப் போறன்" என்பார். மன்னாரில் மடு மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் சொல்வதுபோலவே இருக்கும்.

அந்த மலை பொல்லாதது. இறக்கத்தின் அடியில் பெட்டி வந்து விழும்போது பல் பல்லோடு அடிபடும். வளைவுகளில் பக்கத்துக் கம்பி விலாவில் இடிக்கும். நான் ஒரேயொரு தடவை அக்காவோடு ஏறினேன். அவர் கடைசிப் பெட்டிதான் வேண்டும் என்று வரிசையில் இன்னும் கொஞ்ச நேரம் என்னைக் காக்க வைத்தார். இறங்கியபோது எனக்கு இடது பக்கம் திரும்ப முடியவில்லை.

"உள்ளுக்கை கிடக்கிறதெல்லாம் ஒருக்கா எழும்பி இடம் மாறியிருக்கும். நல்லது" என்றார் அக்கா.

கோடை முழுவதும் ஏறி இறங்க அவரிடம் சீசன் பாஸ் இருந்தது. அண்ணையும் கூடப் போவார், ஆனால் ஏறமாட்டார். மலை அடிவாரத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்து அக்காவின் கைப்பையையும் மூக்குக்கண்ணாடியையும் மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். அக்கா இறங்கி வந்ததும், "எப்பிடி?" என்று கேட்பார். அக்கா ஒவ்வொரு இறக்கமாகச் சொல்வார். எங்கே தூக்கிப் போட்டது, எங்கே முழங்கால் அடிபட்டது, முன்னால் இருந்த பெடியன் எந்த இடத்தில் அம்மாவைக் கூப்பிட்டான். அண்ணை சிரித்துக்கொண்டு கேட்பார். பிறகு கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக் கொடுப்பார்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுவில், ஒரு இலையுதிர் காலத்தில், எனக்கு அந்தப் பூங்காவில் வேலை கிடைத்தது. மலையின் பழைய தண்டவாளத்தைக் கழற்றிப் புதியது போடுகிற வேலை. மரத் தண்டவாளம் என்பது பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இரும்புப் பட்டை பொருத்துவது. மழை, வெயில், உறைபனி எல்லாம் பட்டுப் பலகைகள் இளகிவிடும். இளகின இடத்தில் சில்லு குதிக்கும். குதித்துக் குதித்து இன்னும் இளகும். இந்த முறை அங்கங்கே ஒட்டுப் போடாமல், மோசமான இறக்கங்களையும் வளைவுகளையும் முழுதாக மாற்றுவது, வளைவுக்கு ஏற்றபடி பட்டறையிலேயே வெட்டிய புதுத் துண்டுகளைக் கொண்டுவந்து பூட்டுவது என்று முடிவு.

சந்தோஷத்தோடு மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய்ச் செய்தியைச் சொன்னேன்.

"என்னத்துக்கு மாத்தினம்?" என்று கேட்டார் அக்கா.

"அது கண்டபடி உலுப்புது அக்கா. சனம் முறைப்பாடு. மாத்தினால் வழுக்கிக்கொண்டு போகும்."

அக்கா அண்ணையைப் பார்த்தார். அண்ணை தேத்தண்ணியைப் பார்த்தார்.

"வழுக்கிக்கொண்டு போக ஆர் கேட்டது?" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா குசினிக்குள் போனார். திரும்பி வரவில்லை. அன்றோடு மூன்றாம் மாடியிலிருந்து எங்களுக்கு வருகிற ஆட்டுக்கறியும் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற நேரம் வந்தது. அக்கா முன் வாங்கிலிருந்து திரும்பி என் மனைவிக்குக் கை கொடுத்தார், மகளுக்குக் கொடுத்தார். கடைசியில் விரல் நுனியை என் பக்கம் நீட்டி, "சமாதானம். ஆனால் நீங்கள் செய்யிறது பிழை" என்றார். பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் எங்களுக்குள் காணிப் பிரச்சினை என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் மலைமேல் நின்றேன். ஆற்றுக் காற்று கையுறையைத் துளைத்துக்கொண்டு வரும். இடுப்பில் பாதுகாப்பு வாரைப் பூட்டிக்கொண்டு பழைய ஆணிகளைப் பிடுங்குவோம், பலகைகளை அறுத்துக் கீழே இறக்குவோம். ஒருநாள் மத்தியானம் கீழே பார்த்தேன். வேலிக்கு வெளியே அண்ணையின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு உருவம் நின்றது. பள்ளிக்கூட பஸ்காரருக்குக் காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் நடுவில் ஓய்வு. சாப்பாட்டு நேரம் வந்ததும் இறங்கிப் போனேன்.

"என்னக்கா இந்தக் குளிருக்குள்ளை?"

"செத்தவீடெண்டால் வரத்தானே வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. வேலியோரம் குவித்திருந்த பழைய பலகைகளைக் காட்டினார்.

"நல்ல பலகையளையெல்லே எறியிறியள்."

ஒரு துண்டை எடுத்து வேலிக்கு மேலால் கொடுத்தேன். அக்கா கையுறையைக் கழற்றிப் பெருவிரலால் அழுத்தினார். விரல் பஞ்சுக்குள் போவதுபோல உள்ளே போனது. அவருக்குப் பிடிக்காத மெத்து. பலகையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தார். பிறகு மேலே தெரிந்த புதுத் தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"நாங்கள் இந்தியாவுக்குப் போன கதை உனக்குச் சொன்னனானோ?"

"இல்லை அக்கா."

"கலியாணம் முடிச்ச கையோடை, சண்டைக்குப் பயந்து போனனாங்கள். சின்ன போட். ஏறேக்கையே கடல் சரியில்லை. தூக்கித் தூக்கி அடிச்சுது. இவர் சத்தியெடுத்தபடிதான். எனக்கும் பயம். நான் மாதாவை மன்றாடுறன், கடல் ஒருக்கா அடங்க வேணுமெண்டு. அடங்கிப்போச்சு. அந்த நேரம் பாத்து எஞ்சினும் நிண்டிட்டுது."

அக்கா கையுறையைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"விடியிற நேரம். கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கு. ஒரு சத்தமில்லை. தூரத்திலை நேவியின்ரை காவல் போட் ஒண்டு நிக்கிறது தெரியுது. அலை இருந்தால் எங்களை அவங்கள் காணமாட்டாங்கள். இப்ப தட்டிலை வைச்ச மாதிரி இருக்கிறம். ஒரு தாய் பிள்ளையின்ரை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவ. அசையாமல் அப்பிடி எவ்வளவு நேரம் கிடந்தமெண்டு எனக்குத் தெரியாது. நான் மாதாவிட்டைச் சொன்னதைத் திருப்பி எடுத்தன். ஆட்டுங்கோ அம்மா, ஆட்டுங்கோ எண்டு கேட்டன். பேந்துதான் காத்து எழும்பிச்சுது. முதல் அலை வந்து போட்டின்ரை அடியிலை ஒரு இடி இடிச்சுது பார். உடம்பெல்லாம் குலுங்கிச்சுது. அப்ப எனக்கு வந்த சந்தோசம் என்ரை கலியாணத்தண்டும் வரேல்லை."

அக்கா மலைப் பக்கம் கையைக் காட்டினார்.

"ஆட்டம் இருக்கிற வரைக்கும் போய்க்கொண்டிருக்கிறம் எண்டு அர்த்தம். அதுதான். மூண்டாவது இறக்கத்திலை எண்டாலும் கொஞ்சம் விட்டு வையுங்கோவன்."

"அது என்ரை கையிலை இல்லையக்கா."

"தெரியும். சொல்லிப் பாத்தன்."

கோட்டுக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்து வேலிக்கு மேலால் தந்தார். திறந்து பார்த்தேன். கரை மொறுகின பாண் துண்டுகளும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும். குளிரில் இன்னும் இறுகியிருந்தது. கடித்துத் தின்ன என் சாப்பாட்டு நேரம் முழுவதும் பிடித்தது. ஆனால் சண்டை தீர்ந்துவிட்டது என்று விளங்கியது.

கோடை தொடங்கியதும் மலை திறந்தது. வேலை செய்தவர்களுக்கு இலவச நுழைவுச்சீட்டுகள் தந்தார்கள். இரண்டை மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்காவிடம் பாஸ் இருக்கிறது, அண்ணைக்குச் சீட்டு இருந்தால் வாங்கில் இருக்க உதவும், மற்றது யாருக்காவது கொடுக்கட்டும் என்பது என் எண்ணம்.

சனிக்கிழமை நானும் மகளும் மலையடியில் நின்றோம். அக்காவும் அண்ணையும் வந்தார்கள். அண்ணை கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தார். அக்கா வழக்கம்போலக் கைப்பையை நீட்டினார். அண்ணை அதை வாங்கவில்லை.

"நானும் ஏறப்போறன்" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார். "எங்கை?"

"மலையிலை. டொக்டரிட்டைக் கேட்டனான். கழுத்து எப்பவோ சுகமாயிட்டுதாம். உலுப்பாத சாமான் எண்டால் ஏறலாமாம். தம்பியாக்கள் மாத்திட்டினமெல்லே."

இதைக் கேட்க அவர் தனியாக டொக்டரிடம் போய்வந்திருக்கிறார். அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருடமும் அந்த வாங்கில் இருந்து கதை கேட்ட மனிதருக்கு ஏறிப் பார்க்க ஆசை இருந்திருக்கிறது. அதை எங்களில் ஒருவருமே யோசிக்கவில்லை, அக்கா உட்பட.

அக்காவின் முகம் மாறியதை அன்றுதான் முதல் தடவை கண்டேன். என் கையைப் பிடித்து இரண்டடி தள்ளிக் கொண்டுபோனார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. அது ஆடுமோ?"

"இல்லையக்கா."

"மூண்டாவது இறக்கத்திலை?"

"இல்லை."

"கொஞ்சமெண்டாலும்? நீ எனக்காக ஒண்டும் விட்டு வைக்கேல்லைத்தானே?"

"ஒண்டும் விடேல்லை. நான் பூட்டின இடம் அக்கா அது. ஒரு கோப்பை தேத்தண்ணியோடை போய்வரலாம்."

கடைசி வசனம் கொஞ்சம் கூடிப்போனது. சொன்ன பிறகுதான் யோசித்தேன். திறக்க முன்னர் மண்மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தோம், பிறகு நாங்களே ஏறினோம். நன்றாகத்தான் போனது. ஆனால் அண்ணையின் கழுத்தோடு அதில் யாரும் போகவில்லை.

கைப்பையும் இரண்டு மூக்குக்கண்ணாடிகளும் என் மடிக்கு வந்தன. அக்கா கடைசிப் பெட்டியை விட்டுவிட்டு நடுப் பெட்டிக்குப் போனார். ஆட்டம் குறைந்த இடம் எது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். கம்பியை இறக்கியதும் அண்ணையின் கழுத்துக்குப் பின்னால் தன் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். சங்கிலி அவர்களை மெல்ல மேலே இழுத்தது. உச்சியில் ஒரு கணம் நின்றதுபோலத் தெரிந்தது. பிறகு போய்விட்டார்கள்.

நான் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பழைய மலை இரைந்தால் சாமான் லொறி கவிழ்ந்ததுபோலிருக்கும். இது காற்று ஒரு குழாய்க்குள் போவதுபோல இருந்தது. முதலாவது இறக்கம், இரண்டாவது, வளைவு, மூன்றாவது. எங்கேயும் ஒரு இடி இல்லை.

"அப்பா, பையை நசிக்கிறீங்கள்" என்றாள் மகள்.

வெளிவாசலால் அவர்கள் வந்தார்கள். அண்ணையின் தலைமயிர் நட்டுக்கொண்டு நின்றது. காற்றில் கண்கள் கலங்கியிருந்தன. அக்கா அவருடைய கழுத்தை இரண்டு பக்கமும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார். அண்ணை அவருடைய கையை மெல்ல விலக்கினார்.

"இன்னொருக்காப் போவம்" என்றார்.

போனார்கள். திரும்பி வந்ததும், "இன்னொருக்கா" என்றார். அண்ணை இவ்வளவு சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. மூன்றாம் தடவை அக்கா, தனக்குக் கால் நோகிறது என்று சொல்லி என் மகளை அவரோடு அனுப்பிவிட்டு வாங்கில் என் பக்கத்தில் வந்து இருந்தார். அக்காவுக்குக் கால் நோகும் என்பதை நான் நம்பவில்லை.

"எப்பிடியக்கா?" என்று கேட்டேன்.

"பழுதாக்கிப் போட்டியள்" என்றார். கோபம் இல்லை, ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார். "ஒண்டும் தெரியேல்லை. உன்ரை அந்த சோபாவிலை பலகை எடுத்த மாதிரிக் கிடக்கு. அவருக்குச் சொல்லிப்போடாதை."

"சொல்லமாட்டன்."

மேலே உச்சியில் பெட்டிகள் தெரிந்தன. அண்ணை இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார். என் மகள் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"இது திரும்ப ஆட எவ்வளவு காலம் செல்லும்?" என்று கேட்டார் அக்கா.

அவரை ஆறுதல்படுத்த எனக்கு ஒரு வழி கிடைத்தது. "மரம்தானே அக்கா. இந்தக் குளிருக்கும் வெயிலுக்கும் கொஞ்ச வருசத்திலை இளகத் தொடங்கும். கவலைப்படாதேங்கோ, உங்கடை பழைய மலை திரும்பி வரும்."

ஓடுகிற பஸ்ஸில் எழும்பி நிற்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"அதுக்கோ கேட்டனான்? முதல் ஆட்டம் வரேக்கை எனக்குச் சொல்லவேணும். இவரை ஏறாமல் மறிக்கவேணும்."

அந்தக் கோடையும் அடுத்த கோடைகளும் அவர்கள் சோடியாக ஏறினார்கள். நடுப் பெட்டியில், சலிப்பை முகத்தில் காட்டாமல், அக்கா கையை அண்ணையின் கழுத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இருப்பார். பிறகு பேரப்பிள்ளை பிறந்து, மகனோடு இருக்க ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள். நான் பூங்காவிலேயே பராமரிப்பு வேலையில் நின்றுவிட்டேன். ஒவ்வொரு வருடமும் பனி கரைந்து நாங்கள் பெட்டிகளை ஓட்டிப் பார்க்கிற காலத்தில் அக்காவின் போன் வரும். சுகம் விசாரிப்பது கூடப் பிறகுதான்.

"பாத்தனீயோ? ஆடுதோ?"

"இல்லையக்கா. வழுக்கிக்கொண்டுதான் போகுது."

"வடிவாப் பாத்துச் சொல்லு."

"நானே ஏறிப் பாத்தனான் அக்கா."

போனை மறைத்துக்கொண்டு அவர் உள்ளே யாருக்கோ ஏதோ சொல்வது கேட்கும். பிறகு திரும்பி வருவார்.

"அப்ப கோடைக்குப் பள்ளிக்கூடம் விட்ட கையோடை வாறம்" என்பார்.